கோமதி டீச்சர் வீட்டு உத்திரம்

1. குழி

கல்லிடைக்குறிச்சியில் கோமதி டீச்சர் வீட்டு நடு உத்திரத்தின் அடியில் சண்முகம் ஆசாரி வெட்டியிருந்த குழியை நான் பார்த்தபோது, அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த பொட்டுத் தங்கமும் நவதானியமும் குடியேறியாகிவிட்டது. வீட்டு ஆட்கள் இன்னும் குடியேறவில்லை.

முதல் நாள் சாயங்காலம் நானும் ஃபிட்டிங் ஆட்களும் செயின் பிளாக் போட்டு அந்த உத்திரத்தை ஏற்றி, இரண்டு முனையிலும் இரும்பு ஷூ என்கிற தாங்கியில் உட்காரவைத்து, போல்ட் முறுக்கிவிட்டுப் போயிருந்தோம். மறுநாள் காலையில் ஓட்டுச் சட்டம் அடிக்க வந்தால் சாரத்தில் மாவிலை தொங்குகிறது, தரையெல்லாம் தேங்காய்த் தண்ணீர். விடியற்காலை முகூர்த்தத்தில் உள்ளூர் ஆசாரியை வைத்துப் பூஜை போட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பூஜை போடாமல் நம் பக்கத்தில் ஒரு ஆட்டுக்கொட்டகைகூட எழும்பாது.

ஆசாரி என்னைச் சாரத்துக்கு மேலே கூப்பிட்டார். உத்திரத்தின் அடியில், நட்ட நடுவில், ஓர் இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். வெட்டின குழிக்கு அதே மரத்தில் மூடி இழைத்துச் சேர்த்திருந்தார். நகம் நுழையாத பொருத்தம். மனுஷன் தொழிலில் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவே மாட்டேன்.

"எங்கன வெட்டியிருக்குன்னு தெரியுதாவே?" என்று கேட்டார். பாராட்டுவேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியை எடுக்கச் சொன்னேன். குழி ஒரு சாண் நீளம் இருந்தது. அடி லேயரை முழுசாகத் தின்றுவிட்டு இரண்டாவது லேயரிலும் உளி இறங்கியிருந்தது. அப்போது என் வாயில் வந்த வார்த்தைகளை அச்சில் போட முடியாது. ஆசாரிக்கு நான் எதற்குத் திட்டுகிறேன் என்றே விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்காது. கொஞ்சம் தொழில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

2. ஒட்டுப்பலகை அல்ல

என் பெயர் முத்தையா. ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். இரும்பில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, பேட்டை தொழிற்பேட்டையில் கிட் வீடு செய்கிற ஒரு பட்டறையில் சேர்ந்து, ஃபிட்டிங் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றேன். கிட் வீடு என்றால், தூண், உத்திரம், சட்டம், சுவர் பேனல், கதவு எல்லாவற்றையும் பட்டறையிலேயே அளவுக்கு அறுத்து, துளை போட்டு, நம்பர் எழுதி லாரியில் ஏற்றிவிடுவோம். ஊரில் பேஸ்மென்ட் மட்டும் தயாராக இருக்க வேண்டும். மேலே வைத்து போல்ட் முறுக்கினால் வீடு.

எங்கள் தூணும் உத்திரமும் குளூலாம். தூத்துக்குடியில் இறங்கும் பைன் பலகைகளை ஈரம் போகக் காயவைத்து, இழைத்து, ரெசின் தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பிரஸ்ஸில் இறுக்கி, ஒரே கட்டையாக எடுப்போம். ஒவ்வொரு பலகையும் ஒரு லேயர். வருகிற கஸ்டமர் எல்லாம் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒட்டுப்பலகைதான அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். முதல் தடவை பொறுமையாகச் சொல்வேன். இரண்டாம் தடவை, "ஆமா, நீங்க போட்டிருக்க சட்டைகூட நூலை ஒட்டுனதுதான்" என்பேன். முதலாளிக்கு இதனால் என்மேல் கடுப்பு உண்டு.

விஷயம் இதுதான். உத்திரத்தின் மேலே பாரம் ஏறினால் அது ஒரு நூல் தொய்யும். தொய்யும்போது மேல் லேயர் நசுங்கப் பார்க்கும், அடி லேயர் இழுபடும். நடுப்பகுதிதான் மற்ற இடத்தைவிட அதிகம் இழுபடும். அதனால்தான் அடி லேயருக்கு ஒரு கணுகூட இல்லாத பலகையாகப் பொறுக்குவோம். மேலே ஒரு கணு இருந்தால் மன்னித்துவிடலாம், அடியில் மன்னிக்க முடியாது. ஆசாரி குழி எடுத்தது அந்த லேயரில், அந்த இடத்தில். உத்திரம் முழுக்கத் தேடினாலும் அதைவிட மோசமான இடம் கிடைக்காது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நம் ஊரில் நிலைக்கதவு வைக்கும்போதுதான் பொன்னும் தானியமும் வைப்பார்கள். அந்த மரியாதை ஆசாரிக்கு உரியது. எங்கள் கிட்டில் நிலை என்று ஒன்று தனியாக வராது. கதவு, ஃபிரேம், பூட்டு எல்லாம் ஒரே செட்டாக பேக்கிங்கில் வரும். வாசலில் நிறுத்தி ஸ்க்ரூ அடித்துவிட வேண்டியதுதான். நிலை இல்லாத வீட்டில் பொன்னை எங்கே வைப்பது என்று டீச்சர் கேட்டிருக்கிறார். ஆசாரி சுற்றிப் பார்த்திருக்கிறார். மரம் என்று கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்தது நடு உத்திரம் ஒன்றுதான்.

3. டீச்சர் கேட்டது

கோமதி டீச்சரும் அவர் கணவரும் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் சொந்த வீட்டில் இருந்தவர்கள். கணவரும் பள்ளிக்கூட வாத்தியார்தான். ஊரே அவரை 'சார்' என்று மட்டுமே சொல்லும். வீடு ஏற்றுவதற்கு முந்தின வருஷ மார்கழி வெள்ளத்தில் அந்தப் பழைய மண்சுவர் வீடு ஊறி உட்கார்ந்துவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. வாடகை வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் சாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையாகிவிட்டார். கல் கட்டடம் எழும்பும்வரை அவர் தாங்கமாட்டார் என்றுதான் டீச்சர் எங்கள் பட்டறைக்கு வந்தார். டிசைன், மரம், விலை எதைப் பற்றியும் அதிகம் கேட்கவில்லை. எப்போது குடியேறலாம் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

உத்திரத்தை இறக்கிவிட்டு வேறு செய்துதான் போட வேண்டும் என்று நான் சொன்னபோது டீச்சர் சாரத்துக்குக் கீழே பூஜைத்தட்டோடு நின்றுகொண்டிருந்தார். புது உத்திரம் என்றால் பலகை காயவேண்டும், ஒட்டவேண்டும், ரெசின் இறுகவேண்டும். தைக்கு முன்னால் வராது. அப்போது கார்த்திகை முடிகிற சமயம். மார்கழியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். டீச்சர் தட்டைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, வாடகை வீட்டுக்காரரு முகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு. சார் உசுரு போச்சுன்னா உள்ள வைக்கப்படாதாம். வெளிய தெருவுலதான் கெடத்தணுமாம். இந்த ஊர்ல பாதிப்பேருக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்த மனுசன். அவரைத் தெருவுல போட்டுராதிய."

அழாமல்தான் சொன்னார். முதலாளிக்கு போன் போட்டு வரச்சொன்னேன்.

4. ஜாக்கி

முதலாளி வந்து பார்த்தார். பக்கவாட்டில் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டுச் சமாளிக்கலாமா என்று டிசைன் இன்ஜினியரிடம் போனில் கேட்டார். வெட்டினது நட்ட நடு, அதற்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன், மாற்றுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு முதலாளி என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன்.

ஜாக்கி யோசனை என்னுடையது. கான்கிரீட் போடும்போது அடியில் முட்டுக் கொடுப்பார்களே, அந்த இரும்புக் குழாய் ஜாக்கி. குழிக்கு நேர் கீழே ஒன்றை நிறுத்தி இறுக்கிவிட்டால் பாரம் அதன்வழியாகத் தரைக்குப் போய்விடும். ஓடு மேய்ந்து குடியேறலாம். தையில் புது உத்திரம் வந்ததும் மாற்றிவிடலாம். தொழில்படி அது சரியான யோசனை. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

ஆசாரிக்கு அது அவமானமாக இருந்தது. தூணில்லாத ஹால் என்று சொல்லித்தான் அந்த வீட்டை நாங்கள் விற்றோம். இப்போது நடுவீட்டில் கட்டட வேலைக்கார ஜாக்கி நிற்கிறது, அதுவும் தன்னால். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எத்தன வீட்டு உத்திரத்துல நான் உளி வச்சிருக்கேன் தெரியுமாவே? ஒண்ணாவது விழுந்திருக்கா? நல்ல மரமா இருந்தா ஒரு குழிக்குச் சாவுமா?"

"அந்த உத்திரம்லாம் தேவைக்கு மேல தடிமன் வே. நாலு குழி எடுத்தாலும் தாங்கும். இது கணக்குப் போட்டு, எம்புட்டு வேணுமோ அம்புட்டுதான் செஞ்சிருக்கு. இதுல எடுத்துக்க எதுவும் மிச்சம் கெடையாது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பி ஆட்டவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஜாக்கியின் நட்டுத் திரும்பாதபடி கட்டுக்கம்பி சுற்றி முறுக்கினேன். சிவப்புப் பெயின்ட் அடித்தேன். இதைத் தொட்டால் கூரை இறங்கும் என்று ஆசாரியிடமும் டீச்சரிடமும் பால் காய்ச்ச வந்த சொந்தக்காரர்களிடமும் சொன்னேன். சொன்னேன் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை, தொண்டை கட்டுகிற அளவுக்குச் சொன்னேன்.

சாரை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்டிலை ஜாக்கிக்குப் பக்கத்தில் போட்டார்கள். குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிட அந்த ஜாக்கியிலேயே டீச்சர் ஒரு கொக்கி மாட்டிக்கொண்டார். சாருக்குப் பேச்சு குழறும். மல்லாந்து படுத்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. "மரவாசம் நல்லாருக்குன்னு சொல்லுதாரு" என்றார் டீச்சர். அந்த வீட்டில் நான் பார்த்த ஒரே நல்ல நாள் அதுதான்.

5. மார்கழி

மார்கழி பாதியில் ஒரு நாள் காலையில் டீச்சர் போன் செய்து, சார் போய்விட்டார் என்று சொன்னார். குரல் ஒரு நிதானத்தில் இருந்தது. "நம்ம வீட்டுலயே போயிட்டாரு அண்ணாச்சி" என்றார். நான் அப்போது அம்பாசமுத்திரத்தில் இன்னொரு கிட் ஏற்றிக்கொண்டிருந்தேன். தூக்கின உத்திரத்தைப் பாதியில் விட முடியாமல், மத்தியானத்துக்கு மேல்தான் வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு மாலை வாங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். மாலை கையில் வாங்குவதற்குள் ஆசாரியிடமிருந்து போன்.

"உத்திரம் வெடிச்சிட்டு வே. டீச்சர் உள்ள இருக்காவ. வரமாட்டேங்காவ."

மாலையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு சைட்டுக்கு ஓடினேன். அங்கே இருந்த ஜாக்கிகளை லோடு ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மழை அடித்து ஊற்றியது.

நடந்ததைப் பிறகு நான் நாலு பேரிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். நம்மில் உயிர் போனவரை நடுவீட்டில், தெற்கே தலைவைத்துக் கிடத்துவோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். அந்த நடுவீட்டில், மிகச் சரியாக அந்த இடத்தில் ஜாக்கி நின்றது. சாரை ஓரமாகக் கிடத்தினால் சுவரோடு ஒட்டிப் போகிறார், பெண்களுக்கு உட்கார இடமில்லை. சொந்தத்தில் ஒரு பெரியவர், வாத்தியாரை இரும்புக் கம்பியில் கட்டிப்போட்டிருப்பது போல இருக்கிறது, எடுத்து முடிக்கிறவரைக்கும் அதைக் கழற்றினால் என்ன என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் ஆசாரியைப் பார்த்திருக்கிறார்கள். மர விஷயத்தில் அந்தத் தெருவுக்கு அவர் சொல்தான் சொல். டீச்சர் வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். துக்கத்தில் இருக்கிறவள் சொல்லை யார் கேட்கிறார்கள்?

ஆசாரி கட்டுக்கம்பியை வெட்டி, நட்டைப் பையப் பையத் தளர்த்தியிருக்கிறார். உத்திரம் அசையவில்லை. அதுதான் பெரிய கொடுமை. அப்போதே முறிந்திருந்தால் நட்டைத் திருப்பி இறுக்கியிருப்பார். ஜாக்கியைச் சாய்த்து வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். "பாத்தியளா, நிக்குல்லா" என்று ஆசாரி சொன்னாராம். சாரை நடுவில் கிடத்தி, விளக்கு ஏற்றி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து, வெகுநேரம் எல்லாம் முறையாகவே நடந்திருக்கிறது. பிறகு மழை பிடித்தது. ஓடு தண்ணீர் குடித்துக் குடித்துப் பாரம் ஏறியது. தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். குழியிலிருந்து கீறல் கிளம்பி லேயரோடு ஓடி, உத்திரம் நடுவில் ஒரு சாண் தொங்கிவிட்டது. ஓடுகள் சரிந்து விழுந்தன. எல்லாரும் ஓடினார்கள், சிலருக்கு மண்டையில் காயம். டீச்சர் எழுந்திருக்கவில்லை.

நான் போகும்போது தெரு முழுக்க ஜனம். வாசல்வழியாகப் பார்த்தேன். உத்திரம் தொங்குகிறது, அதற்கு நேர் கீழே சார், அவர் காலடியில் டீச்சர். சாரின் நெஞ்சில் உடைந்த ஓட்டுத் துண்டு கிடந்தது. கூரை ஒழுகி விளக்கு அணைந்திருந்தது. ஒருத்தரும் உள்ளே போகவில்லை. நானும் உடனே போகவில்லை. ஒரு நிமிஷம் வாசற்படியில் நின்று கீறல் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று பார்த்தேன். பயம்தான், வேறென்ன?

ஒரு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஆள் வந்தது. திரும்பிப் பார்த்தால் ஆசாரி. கீறலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவர் குழாயைப் பிடித்தார், நான் நட்டைத் திருப்பினேன். ஒவ்வொரு திருப்புக்கும் மரம் முனகியது. அவர் பிடியை விடவில்லை.

ஜாக்கி பிடித்தது. ஆனால் அதை நம்பி அங்கே யாரையும் உட்காரவைக்க முடியாது. டீச்சர் பக்கத்தில் குனிந்து, வெளியே போய்விடலாம் என்றேன்.

"நான் வாரேன் அண்ணாச்சி. அவரு இங்கனயே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

"டீச்சர், எடுக்கிறதுக்கு ஆளுக உள்ள வரணும். இனிமே இங்கன யாரையும் நான் விடமாட்டேன்."

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சாரின் நெஞ்சிலிருந்த ஓட்டுத் துண்டை எடுத்து ஓரமாக வைத்தார், வேட்டியைச் சரிசெய்தார், எழுந்து நகர்ந்து நின்றார். நான் தலைமாட்டில் பிடித்தேன், ஆசாரி கால்மாட்டில் பிடித்தார். தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில், மழையில், கிட்டுக்குப் போர்த்தி வந்த தார்ப்பாயைக் கட்டி அதற்கு அடியில் கிடத்தினோம்.

தெருவில் போட்டுவிடாதீர்கள் என்று அந்த அம்மா என்னிடம்தான் கேட்டார். கொண்டுபோய்ப் போட்டதும் நான்தான். எடுக்கிறவரைக்கும் டீச்சர் தார்ப்பாயின் ஒரு மூலையைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காற்றுக்கு அது பறந்து சார் முகம் நனைந்துவிடக் கூடாது என்று.

6. பிறகு

ஆசாரி அதற்கப்புறம் பல நாள் வேலைக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் அவராகவே பஸ் ஏறிப் பேட்டைக்கு வந்தார். டீச்சர் வீட்டுப் புது உத்திரம் அப்போது பிரஸ்ஸில் இருந்தது. நான் அடி லேயர் எது என்று காட்டினேன். அதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு முதலாளியிடம் பேசினோம். பொன் வைக்கவென்று தேக்கில் ஒரு தனிக்கட்டை, குழி எடுத்தே, மூடியோடு கிட்டில் போக வேண்டும் என்றேன். தலைவாசலில், வருகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில் இருந்தால்தான் ஜனம் ஒத்துக்கொள்ளும் என்று ஆசாரி சொன்னார். வாசல் தூணுக்கு மேலே பாரம் நேராக இறங்குகிற, மரம் இழுபடாத இடத்தில் அதை ஸ்க்ரூவால் பொருத்த ஏற்பாடு செய்தோம். இப்போது எல்லாக் கிட்டிலும் அது போகிறது. முன்னமே போயிருக்க வேண்டியது.

தையில் புது உத்திரம் ஏற்றினோம். டீச்சர் பூஜை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆசாரி எங்கள் ஆட்களோடு சேர்ந்து கயிறு பிடித்தார், கூலி வாங்கவில்லை. கடைசி போல்ட்டை முறுக்கி, ஜாக்கிகளைக் கழற்றி எடுத்ததும் ஹால் பெரிதாகத் தெரிந்தது. டீச்சர் வந்து நடுவில் நின்று மேலே பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் போவும்போது என்னை இங்கன கெடத்தலாமா?"

"கெடத்தலாம் டீச்சர்."

"ஆளுக சுத்தி உக்காரலாமா? மழை பெஞ்சா?"

"உக்காரலாம் டீச்சர்."

அவருக்கு அது போதவில்லை. எங்காவது குழி வெட்டியிருக்கிறதா என்று தேடுகிறவர் போல உத்திரத்தின் அடியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துக்கொண்டே நடந்தார். அதில் குழி எதுவும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஸ்பான், லோடு, ஈரம் எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நன்றாகப் படியுங்கள். ஆனால் அளவெடுக்க ஒரு வீட்டுக்குப் போனால், டேப்பை எடுப்பதற்கு முன்னால் பொன் எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். சாவு விழுந்தால் எங்கே கிடத்துவீர்கள் என்றும் கேளுங்கள். புதுவீடு கட்டுகிறவர்களிடம் கேட்கிற கேள்வியா இது என்று திட்டுவார்கள். நான் ஓய்வு பெறும்வரை கேட்டேன், எல்லா வீட்டிலும் திட்டினார்கள். திட்டி முடித்துவிட்டு, எல்லாரும் உள்ளே கூட்டிக்கொண்டுபோய் இடத்தைக் காட்டினார்கள்.